அடித்த பத்தி

ஸ்வான்சீயில் ஜூன் மாதம் இரவு பத்தரைக்கும்
வெளிச்சம் முழுதாய் இறங்குவதில்லை.
சமையலறை மேசையில் மடிக்கணினி,
ஆறிப்போன தேநீரின் மேல் ஓர் ஆடை.
இன்றைய கணக்கு நாற்பது தாள்.
தாளுக்கு இரண்டு பவுண்டு எழுபது.
மேல்நிலை ஆங்கில இலக்கியம், பகுதி இரண்டு:
முன்பின் பார்த்திராத கவிதை.

கவிதையில் ஒரு தகப்பன் விடியலில் மீன் அரிகிறான்.
மகள் படியில் நின்று பார்க்கிறாள்.
வால்பக்கம் கத்தி இறங்குகிறது.
மூன்றே பத்தி. அம்மா எங்கும் வருவதில்லை.
'தந்தையின் பரிவைக் கவிஞர் எவ்வாறு காட்டுகிறார்?'
இருபத்தைந்து மதிப்பெண்.

முப்பத்திரண்டு பேர் இதுவரை
கத்தியைக் குறியீடு என்று எழுதிவிட்டார்கள்.
காலத்தின் குறியீடு, ஆண்மையின் குறியீடு,
ஒருவருக்கு அது பிரெக்ஸிட்.
மெல்லோசைகள் மிகுந்திருப்பதால் மென்மை புலப்படுகிறதாம்.
நானும் குறி போட்டுக்கொண்டே போனேன்,
சுங்கச்சாவடிக்காரன் வண்டிகளைப் பார்க்கிற மாதிரி.

முப்பத்து மூன்றாவது.
பெயர் கிடையாது, எண் மட்டும். மையம்: கிரிம்ஸ்பி.
இடப்பக்கம் சாய்ந்த கையெழுத்து.
முதல் பத்தியில் வரிக்கு வரி ஒரு கோடு,
அடிமட்டம் வைத்து இழுத்தது.
விதி ஆறு சொல்கிறது:
அடித்துவிட்டு வேறு எழுதியிருந்தால்
அடித்ததைப் படிக்க வேண்டாம்.

படித்தேன்.

"நான் சனிக்கிழமைகளில் மீன் ஆலையில் நிற்கிறேன்.
எங்கள் வரிசையில் யாரும் வாலிலிருந்து தொடங்குவதில்லை.
செவுளுக்குப் பின்னால் கத்தியை வைப்போம்,
முதுகெலும்பு வழி சொல்லும், கை கூடவே போகும்.
வாலில் தொடங்கினால் சதை கிழியும்.
இவர் முப்பது வருடம் அரிந்தவர் என்று கவிதையே சொல்கிறது.
அப்படியானால் ஒன்று, எழுதியவருக்கு மீன் தெரியாது.
இல்லை, இவர் அன்றைக்கு மீனைப் பார்க்கவில்லை.
மகள் ஏன் இன்னும் படுக்கைக்குப் போன உடுப்பில் நிற்கிறாள்?
வீட்டில் யாரோ"

அங்கே நின்றுவிடுகிறது. கோடு மட்டும்
தாளின் ஓரம் வரை போயிருக்கிறது.

அதன்கீழே, நிதானமான எழுத்தில்:
'கவிஞர் உருவகங்களைத் திறம்படக் கையாள்கிறார்.'
மெல்லோசை வருகிறது. குறியீடு வருகிறது.
பத்தி பத்தியாய்,
ஐஸ் பெட்டியில் அடுக்கின மாதிரி.

இப்படி எழுதாதே என்று யார் சொல்லியிருப்பார்கள்?
யாரும் சொல்லியிருக்க வேண்டியதில்லை.
அடிமட்டம் கையிலேயே இருந்திருக்கிறது.

கவிதைக்குத் திரும்பிப் போனேன்.
காலையிலிருந்து கண்ணெதிரே கிடக்கும் கவிதை.
படியில் நிற்பவள் காலில் செருப்பில்லை.
இப்போதுதான் பார்க்கிறேன்.

குழுத்தலைவி பிரான்வெனுக்கு ஒரு வரி அனுப்பினேன்.
ஐந்து நிமிடத்தில் பதில்:
'விதி ஆறு. உங்களுக்கு இன்னும் ஏழு பாக்கி.'
அவளைக் குறை சொல்லி என்ன,
அவளுக்கு மேல் ஒருவர், அவருக்கு மேல் ஒரு மென்பொருள்.

பதினாலு போட்டேன்.
விதிப்படி அது சரியான பதினாலு.

சனிக்கிழமை சந்தையில்
ஒரு முழு ஹேடக் மீன் வாங்கிவந்தேன்.
எந்தக் கத்தி என்றுகூடத் தெரியாது.
வாலில் தொடங்கினேன்.
என்ன நாற்றம் என்று டெலித் மாடியிலிருந்து கேட்டாள்.
விரலிடுக்கில் சதை நார்நாராய்ப் பிய்ந்தது.
பாதி உடலில் கத்தி எலும்பின்மேல் ஏறி
நின்றுவிட்டது.

இந்நேரம் கிரிம்ஸ்பியில்
ரப்பர் கையுறையோடு அவள் வரிசையில் நிற்பாள்,
செவுளுக்குப் பின்னால் கத்தியை வைத்தபடி.
அவளோ, அவனோ.
எண்ணைக்கூட நான் குறித்துவைக்கவில்லை.