இரண்டு கையெழுத்து

நெவாடா பாலைவனத்தில் ஓர் ஏரி.
அதன் நுழைவாயிலில் என் வேலை
சன்னலைத் திறப்பது, மூடுவது.
காலை ஏழுக்கே விளிம்பு கையைச் சுடும்.
படகை இழுத்து வருகிறவர்களைக் கேட்பேன்:
"அடியில் சிப்பி ஒட்டியிருக்கா?"
எல்லோரும் இல்லை என்பார்கள்.
சிப்பி எல்லா இடத்திலும் இருக்கிறது.

நீர் இறங்கிக்கொண்டே போகிறது.
பாறைகளில் வெள்ளைக் கறை,
யாரோ குளித்துவிட்டுக் கழுவாமல் போன தொட்டிபோல.
துறையின் சிமெண்டுச் சரிவை
வருஷாவருஷம் நீட்டுகிறோம்,
தண்ணீரைத் துரத்திக்கொண்டு.

ஆண்டுச் சீட்டின் பின்புறம்
இரண்டு பேர் கையெழுத்திடலாம்.
அந்தச் சீட்டில், கார்வின் டைஸ்.
கீழே, வால் நீண்ட எழுத்தில், ஐடெல்லா.

போன வருஷம் ஒரே வண்டி.
அவன் டிரெய்லரைப் பின்னால் எடுக்க,
அவள் முழங்கால் நீரில் நின்று கத்துவாள்:
"இடது! உன் இடது இல்லை, என் இடது!"
துறையே சிரிக்கும்.

இந்த வருஷம்
அவன் விடியலில், ஒற்றைக் கயாக்கோடு.
அவள் மாலையில், தோளில் துண்டு,
பக்கத்து இருக்கையில் பாதித் தர்பூசணி.
இரண்டு வண்டி, அதே சீட்டு.
விதியைப் படித்துப் பார்த்தேன். தடை இல்லை.

எப்படிக் கைமாறுகிறது என்பது
ஆகஸ்டில்தான் தெரிந்தது.
வாயிலுக்கு வெளியே சாலையோரம்
குப்பை பொறுக்கப் போனேன்.
பெஞ்சின் இரும்புக்கடியில்
காந்தத்தில் தொங்கியது ஒரு தூண்டில் டப்பா.
உள்ளே சீட்டு. கூடவே துண்டுத்தாள்:
"மேற்குக் குடாவில் காற்று. தூரம் நீந்தாதே."
வால் இல்லாத எழுத்து.

மறுநாள் காலை மறுபடி பார்த்தேன், தப்புதான்.
அதன் கீழே ஒரே சொல்: "தெரியும்."
பிறகு அந்தப் பெஞ்சுப் பக்கம்
குப்பை கிடந்தாலும் போகவில்லை.

அக்டோபரோடு சீட்டு காலாவதி.
நவம்பர் முதல் சனி அவள் வந்தாள்.
பணத்தை எண்ணி வைத்தாள்,
புதுச் சீட்டைக் கவிழ்த்து
முதல் கோட்டில் எழுதினாள்.
"ரெண்டாவதை இப்பவே நிரப்பணுமா?"
"இல்லை. எப்ப வேணும்னாலும்."

பின்னால் ஹாரன். ஒரு நீளப் படகு,
ஒரு நாய், மூன்று குழந்தைகள்,
ஏரி எங்கே ஏரி எங்கே என்று கூச்சல்.

சீட்டை மடியில் வைத்து
அவள் வண்டியைக் கிளப்பினாள்.
என் பேனாவும் அவளோடு போனது.
கூப்பிடலாம் என்று வாயெடுத்தேன்.
அடுத்த வண்டிக்குப் பென்சிலைக் கொடுத்தேன்.