இரண்டு தட்டு

சாட்ஸ்வொர்த், யூனிட் ஐந்து.
டயர்க் கடைக்கு மேல்மாடி.
செவ்வாய், வியாழன் ஆறரை மணிக்கு
ரப்பர் நாற்றத்தின்மேல் நீல மெத்தை விரித்து
ஒருவரையொருவர் நெரித்துக்கொள்கிறோம்.

நான் சுங்கச்சாவடிக்காரி.
மரியன்ஹில்லில் எட்டு மணிநேரம்
கார் சன்னல்களிலிருந்து நீளும்
கைகளை மட்டுமே பார்ப்பவள்.
மோதிரக் கை, சிகரெட் மஞ்சளேறிய கை,
என் உள்ளங்கை படாமல்
சில்லறையை உதறிவிட்டுப் போகிற கை.
இழுவை லாரி ஓட்டும் குபென் படையாச்சியையும்
கையாகத்தான் முதலில் தெரியும்.
மோதிர விரல் பாதிதான்.
மீதியைச் சங்கிலி எடுத்துக்கொண்டது.
அந்தக் கைக்குப் பின்னால் நூறு கிலோ இருப்பதை
இங்கே மல்லாந்து கிடக்கும்போதுதான்
தெரிந்துகொண்டேன்.

நாற்பத்தொரு வயதில் வெள்ளை பெல்ட்.
எத்தனை முறை துவைத்தும் விறைப்பு போகவில்லை.
முடிச்சுப் போட்டால் இரு முனையும்
கழுதைக் காதாக நிற்கிறது.

முதல் பாடம் இறால்.
பக்கவாட்டில் சுருண்டு, இடுப்பை ஒடித்து,
பின்னால் பின்னால் நழுவ வேண்டும்.
இத்தனை வருடமாய் ஓடு உரித்து
முதுகு நரம்பை உருவிக் குழம்பில் போட்டதெல்லாம்
இப்படித்தான் தப்பிக்கப் பார்த்திருக்கும்.
அந்த வாரம் இறால் வாங்கவில்லை.
அடுத்த வாரம் வாங்கினேன்.

பயிற்சி தருபவள் நொம்புசோ. உம்லாசிக்காரி.
வயது இருபத்தாறு.
இடது காது பணியாரம்போல் உப்பியிருக்கும்.
"தோற்பதுதான் முதலில்.
முடியாவிட்டால் இரண்டு தட்டு.
என்மேல் தட்டு, தரையில் தட்டு, காலாலும் தட்டலாம்.
கை இரண்டும் மாட்டிக்கொண்டால் கத்து.
எந்தச் சத்தமும் தட்டுதான்."

அங்கேதான் வந்தது வம்பு.

என் முழங்கையை அவள் நிமிர்த்தத் தொடங்கினாள்.
வலி இல்லை, சும்மா வாயில் வந்தது:
ஐயோ.
உடனே விட்டுவிட்டாள்.
அது தட்டு இல்லை என்றேன்.
எங்கள் வீட்டில் கரண்டி விழுந்தால் ஐயோ,
தண்ணீர் பில் வந்தால் ஐயோ,
பக்கத்துக் குழந்தை சிரித்தால் அதற்கும் ஐயோ.
பேரம், சண்டை, கணக்கு எல்லாம் எனக்கு ஆங்கிலம்,
தடுக்கி விழும்போது மட்டும் தமிழ்.
"சத்தம் சத்தம்தான்" என்றாள்.

ஒன்றரை மாதம் வாய்க்கவசத்தைக் கடித்து
ஐயோவை விழுங்கப் பழகினேன்.
உடும்புப்பிடியெல்லாம் அதைவிட எளிது.

குபெனுக்கு அந்தத் தொல்லை இல்லை.
அவன் தட்டவே மாட்டான்.
மே மாதம் முழங்கை பிசகி
மூன்று வாரம் ஒற்றைக் கையில் லாரி ஓட்டினான்.
அப்போதும் தட்டவில்லை என்றுதான் சொன்னான்,
ஏதோ பரிசு வாங்கியவன்போல.

போன வியாழன் ஏழு பத்துக்கு மின்சாரம் போனது.
மலைச்சரிவு வீடுகள் மொத்தமாய் அணைந்தன.
"நிறுத்தாதீர்கள்" என்றது நொம்புசோவின் குரல்,
"கண் எதற்கு இதற்கு?"

என் நெஞ்சின்மேல் குபென்,
மழையில் நனைந்த மெத்தையாக.
வியர்வை யாருடையது என்று தெரியவில்லை.
இறாலானேன். ஒருமுறை, இன்னொருமுறை.
ஒரு சாண் இடம் கிடைத்தது.
அவன் சட்டைக் கழுத்துப்பட்டியை
விரல்கள் தாமே கண்டுபிடித்தன,
நோட்டைத் தொட்டே பத்தா இருபதா என்று சொல்லும் விரல்கள்.
மணிக்கட்டைக் குறுக்கே போட்டு
முழங்கையை என் விலாவுக்கு இழுத்தேன்.

ஐயோ.

மிகச் சின்னதாக. என் வாயிலிருந்து அல்ல.

ஆறு ஜோடியும் ஒரே நொடியில்
பிடி விட்டது கேட்டது.
பன்னிரண்டு பேர் மூச்சு வாங்கும் இருட்டு.
"யாருக்கு அடி?" என்றாள் நொம்புசோ.

பதில் இல்லை.
கீழே ஜெனரேட்டரை யாரோ இழுக்கிறார்கள்,
அது இருமுகிறது, பிடிக்க மறுக்கிறது.

"நான்தான்" என்றேன். "பழக்கதோஷம்."

சிலர் சிரித்தார்கள்.
அந்தச் சிரிப்புக்கு அடியில் ஒரு கை
தரையைத் தடவிக்கொண்டே வந்து
என் தோளைக் கண்டுபிடித்து
இரண்டு முறை தட்டியது.

மூன்றரை விரல்.