இரண்டு முறை வந்த டாலர்

ஒமாஹா. பிப்ரவரி. விடுதியின் அடித்தளக் கூடம்.
மேசைக்கொரு கறுப்பு வெல்வெட்,
மேசைக்கொரு குண்டு பல்பு.
ஆசிரியை லோர்னா குபிசெக்கிற்கு இருபத்தெட்டு வயது.
எனக்கு அறுபத்தாறு.

"இதற்கு முன் என்ன வேலை?"
மாட்டிறைச்சிக்குத் தரம் போட்டேன் என்றேன்,
கிராண்ட் ஐலண்ட் ஆலையில், முப்பத்தோரு வருஷம்.
சங்கிலியில் தொங்கி வரும் உடல்,
பன்னிரண்டாம் விலாவருகே வெட்டிய முகம்,
சிவப்புக்குள் ஓடும் கொழுப்பின் வெள்ளை இழை.
பார்க்கப் பத்து விநாடி. முத்திரை. அடுத்தது.
எதையும் இரண்டாம் தடவை பார்த்ததில்லை.
எங்கே பார்ப்பது, அதற்குள் அது
யாருடைய தட்டிலோ.

"அப்படியென்றால் முதலில்
அந்த வேகத்தை இறக்கி வையுங்கள்."

விளிம்பைப் பிடிக்க வேண்டும்.
கை வெல்வெட்டுக்கு மேலேயே நிற்க வேண்டும்.
காசைப் பார்த்தபடி பேசக் கூடாது,
எச்சில் தெறித்த புள்ளி
நூறு வருஷம் நிற்குமாம்.
ஐந்து மடங்கு லென்ஸ் போதும்,
அதற்கு மேல் போனால்
எந்த முகமும் குற்றவாளி முகம்தான்.
விளக்கடியில் மெல்லச் சாய்த்தேன்.
வெள்ளிக்குள்ளிருந்து ஒளி எழுந்து
ஆரக்கால் ஆரக்காலாய்ச் சுற்றியது.
"சக்கரம் சுற்றுகிறதா?
தோல் இன்னும் உயிரோடு இருக்கிறது."

அடுத்து வந்தது 1891, நியூ ஆர்லியன்ஸ்.
தலைவியின் காதுக்கு மேல்
கூந்தல் இழை ஒன்றுகூட இல்லை.
தேய்ந்தது, என்றேன் ஆலைக் குரலில். ஐம்பத்தைந்து.
லோர்னா காசைத் திருப்பினாள்.
கழுகின் மார்பிலும் இறகு இல்லை,
ஆனால் ஒளி எங்கேயும் அறுபடவில்லை.
"அச்சு அழுந்தி விழாத காசு. கைக்கே போகவில்லை.
இல்லாமல் பிறந்ததை
இழந்ததாக எழுதாதீர்கள்."

பக்கத்து மேசை மரிசேலா ஓந்திவெரோஸ்,
லெக்சிங்டனில் அடகுக்கடை.
பளபளவென்று ஒன்றைக் கைக்குட்டையில் கொண்டுவந்திருந்தாள்.
லோர்னா சாய்த்தாள். சக்கரம் சுற்றவில்லை.
மயிரிழைக் கீறல்கள் மட்டும், எல்லாம் ஒரே திசையில்.
"பற்பசை. இதற்கு எண் கிடையாது."
"ஊத்தையாய் இருந்திருந்தால்?"
"இருந்திருக்கும்."
மரிசேலா குலுங்கிச் சிரித்தாள்:
இந்தப் பளபளப்புக்காகத்தான்
பத்து டாலர் கூடுதலாய்க் கொடுத்திருக்கிறாள்.

இரண்டாம் நாள் தேர்வு. இருபது காசுகள்.
மதியத்துக்கு முன் பத்து, பின் பத்து.
மாலையில் தாளைத் திருப்பித் தந்தபோது
நான்காவதையும் பதினேழாவதையும்
சிவப்பு மையால் இணைத்திருந்தாள்.
இரண்டும் ஒரே காசு.
காலையில் அறுபத்து நான்கு போட்டிருக்கிறேன்,
மாலையில் அறுபத்திரண்டு.

இடையில் காசுக்கு ஒன்றும் ஆகவில்லை.
எனக்குத்தான்: ஒரு காய்ந்த சாண்ட்விச்,
எண்பதாம் நெடுஞ்சாலை மூடிவிட்டது,
வரமுடியாது என்று மகனிடமிருந்து செய்தி,
நாற்காலியில் முதுகு.

ஆலையில் மாலை நான்கு மணிக்குத் தொங்கியவை
எத்தனை இருக்கும்?
ஒரு முறை ஆர்லிஸ் டெக்கர் என்ற பண்ணைக்காரர்
தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றார்.
பத்தொன்பது மாடுகள் ஒரு படி கீழே போயிருந்தன.
இன்னொரு தடவை பார்க்க முடியுமா என்றார்.
முத்திரை விழுந்தாச்சு, என்றேன்.
அது பொய்யும் இல்லை.
அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.
பெயர் மறக்கவில்லை. ஏன் என்று
இதுவரை கேட்டுக்கொண்டதும் இல்லை.

லோர்னா அந்த டாலரை
மறுபடி என் வெல்வெட்டில் வைத்தாள்.
மற்றவர்கள் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார்கள்.
அறுபத்து மூன்று என்று எழுதி நீட்டினேன்.
எட்டிப் பார்த்தாள்.
"இது கூட்டி வகுத்து எழுதியது.
பார்த்து எழுதியது இல்லை."

விளக்கை இன்னும் கொஞ்சம் அருகே இழுத்தேன்.