சாய்ந்த ஆறு

ஓல்டனில் நவம்பர் மாதம் ஆற்றைக் காண முடியாது.
மூடுபனிக்குள் அது ஓடுகிறது என்று
நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.
இரவு முழுக்க ரயில் பெட்டிகளைக் கழுவிவிட்டு
ஆறு மணிக்கு வெளியே வருவோம்
நானும் உர்ஸ் நுன்லிஸ்டும்,
நேரே வீட்டுக்குப் போகப் பிடிக்காத இரண்டு பேர்.
மரப்பாலத்துக்குக் கீழே
பிளாஸ்க் மூடியில் எனக்கு ஒரு வாய் கோப்பி,
மிச்சம் அவனுக்கு.
வெளிச்சம் வரும்வரை கதை கிடையாது.

இடப்பக்கக் கம்பியில் சாய்ந்துதான் நிற்பான்.
இடுப்பு எலும்பு தேய்ந்துவிட்டதாம்.
ஏப்ரலில் ஆபரேஷன்,
மே மாதம் உன்னை ஓடி முந்துவேன் என்பான்.
நான் எங்கே ஓடினேன்
அவன் முந்துவதற்கு.

பிறகு அவை வரும்.
குளித்துவிட்டுத் தலை சீவாமல் வந்ததுபோல்
செம்பட்டைக் கொண்டையோடு பெட்டைகள்,
கொஞ்சம் தள்ளி
வெள்ளைச் சட்டை போட்ட சேவல்கள்.
முங்கினால் எங்கே எழும்பும் என்று சொல்ல முடியாது.
உர்ஸுக்கு மட்டும் தெரியும்.
வெறும் தண்ணீரைப் பார்த்துக் கேமராவைத் தூக்குவான்,
தண்ணீர் அங்கே ஒரு பறவையாகும்.

அவன் சொன்ன ஜெர்மன் பெயர்
என் வாய்க்குள் அடங்கவில்லை.
அலகின் ஓரம் மரம் அரிகிற வாள்போல
பல்லுப் பல்லாய் இருந்தது.
வாள்மூக்கன் என்றேன்.
மூன்று நாள் சொல்லிப் பார்த்தான்.
வால்மூக்கன்.
மூக்கில் இருந்ததைப் பின்பக்கம் மாற்றிவிட்டாய் என்று
நான் சிரித்ததற்குக் காரணம்
அவனுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை
அவனுடைய மஞ்சள் அங்கி
ஆணியிலேயே தொங்கியது.
புதனும் தொங்கியது.

மார்லிஸ் கேமராவைச்
சூப்பர்மார்க்கெட் பையில் வைத்துக் கொண்டுவந்தாள்.
எனக்கு எல்லாம் வாத்து, உனக்குத்தான் தெரியும்
என்று தந்துவிட்டு
பஸ் வருகிறது என்று போனாள்.
பஸ் வர இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது.

நாலாயிரத்துச் சொச்சம் படங்கள்.
அதில் அவனைத் தேடினேன்.
எடுத்தவன் படத்துக்குள் இருக்க மாட்டான் என்று
தெரிந்துகொண்டேதான் தேடினேன்.
ஒன்றில் என் கையுறை.
ஒன்றில் பிளாஸ்கின் ஆவி.
மற்றதெல்லாம் ஆறு,
ஒவ்வொரு படத்திலும் இடப்பக்கம் சரிந்து
சட்டத்தைத் தாண்டிக் கொட்டிவிடப் பார்க்கிற ஆறு.

லென்ஸ் பிழை என்றாள் மகள் நிரூஜா.
இல்லையென்றால் கை பிழை.
ஒரு தட்டில் சரியாக்கலாம் அம்மா, பார்.
தட்டினாள்.
தண்ணீர் மேசைபோல் மட்டமாகியது,
பறவை நிமிர்ந்தது,
அக்கரை மரங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல்
நேரே நின்றன.
கம்பியில் சாய்ந்து நின்றவனை மட்டும்
அதற்குப் பிறகு காணவில்லை.

திருப்பி வை என்றேன்.
எதை?
எல்லாவற்றையும்.

மாசிக் குளிரில் நானே போய் நின்றேன்.
பறவை முங்கும், நான் காத்திருப்பேன்,
அது வேறெங்கோ எழும்பும்.
ஒன்பது நாளில் ஒரு படம் தேறியது,
அதிலும் அலகு இல்லை, முதுகும் தண்ணீரும்தான்.
மார்லிஸுக்கு அனுப்பினேன்.
இரவு பதில் வந்தது.
நேராக இருக்கிறது.
அவ்வளவுதான் எழுதியிருந்தாள்.
வேண்டுமென்று சரித்து எடுத்துப் பார்த்தேன்,
பொய்ச்சாட்சி சொன்னதுபோல் இருந்தது,
அழித்துவிட்டேன்.

சனிக்கிழமை பாலத்தடிக்கு ஒருத்தி வந்தாள்.
கையில் அவனுடைய பழைய பிளாஸ்க்.
எனக்குப் பக்கத்தில் நிற்காமல்
கம்பியின் மற்றப் பக்கம் போய் நின்றாள்.
பனி விலக எட்டு மணியாகியது.
செம்பட்டைத் தலையொன்று தண்ணீரைக் கிழித்து எழும்ப
நான் படமெடுக்க மறந்துபோனேன்.

வாத்து, என்றேன் அவளுக்கு விளங்கட்டும் என்று.
இல்லை என்று தலையாட்டினாள்.
மூடியைத் திருகிக் கோப்பியை ஊற்றிக்கொண்டே,
சமையலறையில் நூறு தரம் கேட்ட ஒன்றைச் சொல்கிற
அலட்சியத்தோடு சொன்னாள்:
வால்மூக்கன்.