காரணம் என்ற கட்டம்

ராத்திரி இரண்டு மணிக்கு
பார்பரா மொவாட் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.
நைட்டியின் மேல் மீன்பிடி மழைக்கோட்டு,
ஒரு பக்கப் புருவம் பொசுங்கியிருந்தது.
"படகுக் கொட்டகை போச்சு" என்றாள்.
நான் நாற்காலியை இழுத்துப் போடும் முன்பே,
"லாரன்ஸ் இங்க்ஸ்டர்தான்."

இரண்டே எழுத்து அந்தத் 'தான்'.
அதற்குள் ஒரு மனிதனைப் பூட்டி வைக்கலாம்.

பார்த்தாயா என்றேன்.
பார்க்கவில்லை, தெரியும் என்றாள்.
எப்படித் தெரியும்?
அவனைத் தெரியும்.

என் மேசையில் ஒரு தாள்.
பெயர், முகவரி, பிறந்த தேதி
கேட்காமலே நிரப்புவேன்,
ஷெட்லாந்தின் இந்த வடக்குத் தீவில்
யார் எந்த மாதம் பிறந்தார்கள் என்பது எனக்கு மனப்பாடம்.
கீழே ஒரு கட்டம்: சந்தேகத்துக்கான காரணம்.
ஆறு வரிக்கு இடம் விட்டிருக்கிறார்கள்.
என்னிடம் இருந்தது ஒன்று.
அவள் சொன்னாள்.

நெருப்பில்லாமல் புகையாது என்று
காலையில் கடையில் யாராவது சொல்வார்கள்.
பாதி நாள் இங்கே புகைபோல ஏறி வருவது
வெறும் கடற்பனி, அது அவர்களுக்கும் தெரியும்.
ஆனால் இன்று நெருப்பு இருந்தது.
ஐந்து மைல் தள்ளி, ஜன்னலில் தெரியும்படி.
கையும் களவுமாக என்றால் இரண்டும் வேண்டும்.
களவு அங்கே எரிந்துகொண்டிருந்தது,
கையைத்தான் காணோம்.

ஷோனா ஹால்க்ரோவும் இதே நாற்காலியில்தான் உட்கார்ந்தாள்.
ஒன்பது வருடம் முன்பு, பத்தொன்பது வயதில்.
அவளிடமும் சொல் மட்டுமே இருந்தது.
வெறும் சொல்லை வைத்து யாரையும் தூக்க முடியாதம்மா என்று
அன்றைய சார்ஜண்ட் பேனாவை மூடினார்.
பாதி சரி.
எழுந்துபோய்ப் பார்க்கவில்லையே, அது மீதிப் பாதி.
நான் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தேன்.
மறுநாள் அந்த ஆள் வீட்டுக் கொடியில்
படுக்கை விரிப்பு காய்ந்தது.
அதைக் கடந்துதான் வேலைக்கு வந்தேன்.

ஜீப்பை எடுத்தேன்.

மழை. இங்க்ஸ்டரின் வேன் முகப்பில்
கையுறையைக் கழற்றி உள்ளங்கை வைத்தேன்.
குளிர்ந்த இரும்பு.
வாசலில் பூட்ஸ், அடிப்பக்கம் காய்ந்திருந்தது.
நாய் குரைக்க, தூக்கக் கலக்கத்தோடு திறந்தான்.
குப்பென்று மண்ணெண்ணெய் வாடை.
ஒப்புக்கொள்கிறேன், நெஞ்சு துள்ளியது,
இரண்டாவது வரி கிடைத்துவிட்டதென்று.
அவன் முதுகுக்குப் பின்னால் மண்ணெண்ணெய் அடுப்பு
ஒழுகிக்கொண்டிருந்தது, கீழே ஒரு ஐஸ்கிரீம் டப்பா.

"மொவாட் வீடா?" என்றான்.
நான் இன்னும் பெயரே சொல்லவில்லை.
குறித்துக்கொண்டேன்.
திரும்பி நடக்கையில் பார்த்தால்
அவன் வாசலிலிருந்தும் தெரிகிறது அந்தச் சிவப்பு.
அதையும் குறித்துக்கொண்டேன்.

விலங்கு பூட்டினால் நானே திறந்துவிடலாம்.
எட்டு மணிப் படகில் அவனை ஏற்றுவதைக்
கடை ஜன்னல் வழியே பார்க்கிறவர்களைத் திறக்கும் சாவி
என் இடுப்பில் இல்லை.

திரும்பி வந்தபோது பார்பரா
முதலில் என் கையைப் பார்த்தாள்,
பிறகு எனக்குப் பின்னால் கதவை.
"போய்ப் பார்த்தேன்" என்றேன்.
"அவ்வளவுதானா?"
விடிந்ததும் சாம்பலைப் பார்ப்பேன்,
அவன் மனைவியைக் கேட்பேன்,
உன்னையும் இன்னொரு தரம் கேட்பேன்.
"நீ என்னை நம்பவில்லை."
நம்பாமலா இந்த மழையில் போனேன் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
அவளுக்கு அது எதற்காகும்?
பொசுங்கிய புருவத்துக்கு மருந்து தேடினேன்.

மூன்று வாரம் கழித்து அபர்டீனிலிருந்து கடிதம்.
தீயின் காரணம் கண்டறிய இயலவில்லை.
கட்டம் அப்படியே கிடக்கிறது.

இங்க்ஸ்டர் இப்போது கடைக்கு வருவதில்லை.
அவன் மனைவி வருகிறாள்.
பாலுக்கும் ரொட்டிக்கும் சில்லறையை
வீட்டிலேயே எண்ணிக் கொண்டுவருகிறாள்,
மீதி கொடுக்க யாரும்
அவள் கையைத் தொட வேண்டாதபடி.