மற்றப் படகுகள்

கிளாக்ஸ்விக் துறைமுகம், வெள்ளி இரவு.
வலைக்கிடங்கின் மாடியில் ஏழு பேர்,
ஒரு தட்டு உலர்மீன்,
ஹீட்டர் மேல் ஈரக் காலுறைகள்.

புயல் அடங்கிய பகுதியை வாசித்தேன்.
பேச வேண்டியது தாளில் தயார்:
பயம், விசுவாசம், மூன்று குறிப்புகள்.

ரன்வா ஒரு வரியிலிருந்து விரலை எடுக்கவில்லை.
"வேறு படகுகளும் கூட வந்தன என்று இருக்கிறதே,
அவற்றுக்கு என்ன ஆயிற்று?"

எத்தனை முறை வாசித்திருப்பேன்.
பின்னணியத்துத் தலையணைகூடத் தெரியும்.
அந்தப் படகுகளைக் கண்டதே இல்லை.

பிப்ரவரியில் அவள் அண்ணனோடு
சேர்ந்து போனவை மூன்று.
திரும்பியவை இரண்டு.

அதற்குமேல் எழுதவில்லை என்றேன்.
"மறந்துவிட்டாரா எழுதியவர்?"
தெரியாது என்றேன்.
குறிப்புத்தாளை நான்காக மடித்து
ஆடும் மேசைக்காலுக்கு முட்டுக்கொடுத்தேன்.

"காற்று நின்றால்
ஒரு படகுக்கு மட்டுமா நிற்கும்?"
என்றான் யாக்குப், பதினாறு வயது,
கோடையில் டெக் கழுவுகிறவன்.

"அதற்குள் கவிழ்ந்திருந்தால்?"

யாரும் மீனைத் தொடவில்லை.
பிறகு யாரோ சொல்ல
முதலிலிருந்து வாசித்தோம், ஆளுக்கொரு வரியாக.
அந்த வரி ரன்வாவுக்கு வந்தது.
வாசித்தாள்.
அடுத்தவன் தொடங்கப் போனான்,
கையை உயர்த்தி நிறுத்தினாள்.

கீழே கயிறுகள் இறுகித் தளர்ந்தன.
காத்திருந்தோம்.