பதினேழாம் சுற்று

கொய்யைக்கேயில் ஜூன் மாதம்
காலை ஒன்பது வரை இருட்டு.
விறகுப் புகை பள்ளத்தாக்கில் இறங்கி
எழுந்து போக மனமில்லாமல் கிடக்கிறது.

புதுக் கட்டடம் நான்கு மாடி,
பழைய மருத்துவமனையின் தோளில் சாய்ந்து நிற்கும்.
என் பங்கு விளக்கும் மின்சாரமும்.
முதல் வரைவில்
கட்டிலுக்கு ஒன்றாக, தலைக்கு நேர் மேலே,
வெள்ளைச் சதுரங்கள் வைத்திருந்தேன்,
லக்ஸ் கணக்கு ஒரு புள்ளி பிசகாமல்.

இரவு நர்ஸ் யஸ்னா மில்லக்குரா
தாளைப் பார்க்கவில்லை.
“படு” என்றாள்.
காலியாயிருந்த ஆறாம் கட்டிலில், பூட்ஸோடு,
படுத்தேன்.
குழல்விளக்கு கண்ணுக்குள் இறங்கியது.
“மூன்று வாரம் இதைத்தான் பார்த்துக் கிடப்பார்கள்.
எனக்கு நரம்பு தேடும்போது வெளிச்சம் போதும்,
மற்ற நேரம் கால் இடறாமல் நடந்தால் சரி.”

அன்றே சதுரங்களை அழித்தேன்.
விளக்கு சுவருக்குப் போனது, கூரையைப் பார்த்துக்கொண்டு.
முழங்காலுக்குக் கீழே, தேன் நிறத்தில், இன்னொரு வரிசை.
பூமி குலுங்கினால் நோயாளி முகத்தில் விழ
இனி அங்கே ஒன்றும் இல்லை.

விளக்கு சொன்னால் கேட்கும்.
மின்சாரத்துக்குப் பழைய கணக்குகள் உண்டு.

நிலவறை. என்னைவிட மூத்த சாம்பல் பேனல்.
நாற்பத்திரண்டு பிரேக்கரில்
நாற்பத்தொன்றுக்குப் பெயர் இருந்தது:
சலவை, எக்ஸ்ரே, சமையல்கூடம்.
பதினேழுக்கு மட்டும்
பழுப்பேறிய பிளாஸ்திரியில், சாய்ந்த கையெழுத்து:
கேட்காமல் அணைக்காதே.

யாரைக் கேட்பது?
பராமரிப்புக்காரன் வால்தெமார் தோளைக் குலுக்கினான்.
நிர்வாகம் கோப்பைத் தேடியது.
கோப்பும் யாரையோ தேடிப் போயிருந்தது.

ஞாயிறு, அதிகாலை மூன்று.
வார்டுக்கு ஒருவராக வாக்கிடாக்கியோடு நிறுத்திவிட்டு
அணைத்தேன்.
குழந்தைகள் வார்டு: எரிகிறது.
ரத்த வங்கி: குளிர்கிறது.
பிணவறை: எரிகிறது என்றான் வால்தெமார்,
ஏனோ கொஞ்சம் ஏமாற்றத்தோடு.
எங்கும் எதுவும் அணையவில்லை.
செத்த கம்பி, வெட்டிவிடலாம் என்று
சிவப்புப் பேனாவால் குறுக்கே கோடும் போட்டாயிற்று.

இருபது நிமிடம் கழித்துப்
பின்வாசலில் ஒரு பெண்.
இரவு உடைக்கு மேல் கோட்டு,
காலுக்கு ஒரு விதமாகச் செருப்பு, முடியில் பனி.
எதிர் வீடு. எடித்தா கார்க்கமோ.
தம்பியின் மூச்சு இயந்திரம் நின்றுவிட்டது,
சிலிண்டரில் அரை மணிக்குத்தான் இருக்கிறது.
பிறகு என் கையிலிருந்த டார்ச்சைப் பார்த்து,
“கேட்கச் சொல்லி எழுதியிருந்ததே?”

நிலவறைக்கு நான் ஓடிய வேகத்தை
எந்தப் பாதுகாப்பு விதியும் அனுமதிக்காது.

தெருவுக்கு அடியில் யாரோ இழுத்த கேபிள்.
எந்தக் குளிர்காலத்தில், யார் கடப்பாரை பிடித்தார்கள்,
யார் பார்க்காதது போல் நின்றார்கள்,
அவளுக்கும் முழுதாகத் தெரியாது.
ஊரே இருண்டாலும் அந்த வீடு இருளாது, அவ்வளவுதான்.

சட்டத்தில் இதற்குத் திருட்டு என்று பேர்.
என் வரைபடத்தில் பேரே இல்லை.
ஜெனரேட்டர் விழித்துக்கொள்ளும் பத்து வினாடிக்காக
அறுவை அறைகளுக்கு பேட்டரி வைத்திருந்தேன்,
சிவப்பு சாக்கெட்டுகளை விரல்விட்டு எண்ணியிருந்தேன்.
மனை எல்லைக் கோட்டுக்கு வெளியே
மென்பொருள் ஒரு சாக்கெட்டையும் வைக்க விடவில்லை.

இயக்குநரிடம் போய்ச் சொன்னேன்.
வெகுநேரம் ஜன்னலைப் பார்த்தார்.
“அந்த வெளிவிளக்குக்கு எவ்வளவு செலவாகும்?” என்றார்.
நான் எந்த வெளிவிளக்கையும் பற்றிப் பேசியிருக்கவில்லை.

வியாழக்கிழமை ஆய்வாளர் வந்தார்.
பட்டியலில் விரல் இறங்கிப் பதினேழில் நின்றது.
அவசர மின்பிரிவு, தெருப்பக்கம், ஒரே ஒரு விளக்கு,
நானூறு வாட்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
“ஒரு விளக்குக்கு இது அதிகமில்லையா?”

“ஜூனில் இங்கே ரொம்ப இருட்டு” என்றேன்.

அவரும் இந்த ஊர்தான்.
பேனாவைத் தேடினார். என்னுடையதைக் கொடுத்தேன்.
சிவப்பாயிருந்தது, பரவாயில்லை என்றார்.